காற்றுச் சுரங்கத்துக்கு வெளியே

இங்கிலாந்து, 1976

அன்புள்ள உம்மா, வாப்பாவுக்கு மகனின் ஸலாம். நான் நல்ல சுகம். கிண்ணியாவில் எல்லோரும் சுகமா? வாப்பாவின் முழங்கால் வலி எப்படி?

விமானப் பொறியியல் முதுகலைப் பட்டம் கிடைத்துவிட்டது. ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இறக்கை மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் இராணுவ வேலை நடக்கிறதாம். அதனால் வெளிநாட்டவனான என்னை ஒருநாளும் உள்ளே விடவில்லை. தண்ணீர்த் தொட்டியில் சோதித்துத்தான் ஆய்வை முடித்தேன்.

நேற்றுப் பேராசிரியர், "அந்தச் சுரங்கத்துக்கு முன்னால் நில், கல்லூரி விளம்பரத்துக்குப் படம் வேண்டும்" என்றார். கோபத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. "ஏலாது! வேணுமெண்டா தொட்டிக்குப் பக்கத்தில எடுங்க!" பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். முகம் சிவந்து போய்விட்டார்.

கவலைப்படாதீர்கள், பட்டத்தை இனிப் பறிக்க ஏலாது.

மூத்தவள் ஸல்ஹா ராத்தாவிடம் சொல்லி ஒரு கசெட் பதிந்து அனுப்புங்கள். விசேஷமாக ஒன்றும் பேச வேண்டாம், குசினியில் சமைத்தபடி நீங்கள் கதைப்பதே போதும். தபால்காரன் கடிதம் எடுக்க வந்துவிட்டான்.

மகன் மஹ்ரூப்