பார்க்காமல் கொடுத்த ஒப்புதல்

மார்ச் 4, செவ்வாய்

புதுப் பதிப்பை ஏற்றி ஒரு வாரம் ஆகப்போகிறது. ஆமையிடமிருந்து இன்னும் ஒப்புதல் வரவில்லை.

எங்கள் மாத்திரை நினைவூட்டும் செயலிக்கு இருப்பது ஒரே ஒரு விதி. ஒருவர் ஏற்றினால் மற்றவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும். அது வராமல் எதுவும் ஜனங்களின் போனுக்குப் போகாது. ஏற்றும் அனுமதி எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. விதியை எழுதியவன் ஆமை, நான் அப்படிக் கூப்பிடும் என் புருஷன். அதை ஒருநாளும் மதிக்காதவனும் அவனே! நான் ஏற்றிவிட்டு ஒரு டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் அடுத்த அறையிலிருந்து ஒப்புதல் விழுந்துவிடும். படிக்காமல் ஏன்டா அழுத்தறே என்று கத்துவேன். "நீ எழுதினதுதானே" என்பான்.

இப்போது அடுத்த அறை காலி. வக்கீல் ஆபீசில் விவாகரத்துக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று. பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்து குறைந்து, ஒருநாள் பார்த்தால் எங்களுக்குள் பேச செயலி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. ஒப்புதல் இல்லை, கேள்வி.

"உங்கள் மூன்றாவது மாற்றம் எதற்கு? தயவுசெய்து விளக்கவும்."

உங்கள்! கல்லூரியில் முதல் நாள்கூட என்னை 'நீங்க' என்று சொல்லாதவன்.

மார்ச் 10, திங்கள்

விளக்கினேன். ஒப்புதலோடு "நன்றி" என்று பதில். நன்றியாம்.

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் வெட்டித் தொலைத்தேன். முதலாளி தானே வேறு லென்ஸ் எடுத்து வெட்டினார். அது இன்னும் மோசம்.

மார்ச் 22, சனி

தங்கை போன் செய்தாள். இன்னுமா அந்த ஆளோடு சேர்ந்து வேலை பார்க்கிறாய், முதலில் அவரிடமிருந்து அந்த அனுமதியைப் பிடுங்கு, நாளைக்கு உன்மேல் உள்ள கோபத்தில் எதையாவது ஏற்றிவிட்டால் என்ன செய்வாய் என்று ஒரே பாட்டு. ஆமை அப்படிச் செய்யமாட்டான் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அவனுக்கு என்மேல் அந்த நம்பிக்கை இருக்கிறதா? இருந்தால் ஏன் ஒவ்வொரு வரியாகத் துருவுகிறான்?

காலையில் வழக்கம்போல செயலி கூப்பிட்டது. "எழுந்திரு வாலு. தைராய்டு மாத்திரை. வெறும் வயிறு. காபி அப்புறம்." அவனுக்கு நான் வாலு; என் மறதியைச் சகிக்க முடியாமல் அவன் எழுதிய முதல் வரிகள். அதிலிருந்துதான் செயலியே பிறந்தது. புதிதாக இறக்குகிற எல்லோருக்கும் மாதிரிப் பதிவாக இன்னும் அதுதான் இருக்கும். அவர்கள் அழித்துவிட்டுத் தங்களுடையதைப் போட்டுக்கொள்வார்கள். நான் தனியாக எதையும் போட்டுக்கொண்டதில்லை. எனக்கு எதற்கு? மாதிரியே என்னுடையதுதானே.

ஏப்ரல் 5, சனி

தப்பு என்னுடையது. ராத்திரி பன்னிரண்டு மணி மாத்திரையை நான் புதிதாக ஏற்றிய மாற்றம் பகல் பன்னிரண்டுக்குத் தள்ளியிருந்தது. ஆமை கண்டுபிடித்து நிறுத்திவிட்டான்.

வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே எங்களுக்காகச் செயலியைச் சோதித்துத் தரும் நர்ஸிடம் சொன்னேன்.  தன் வார்டிலிருந்து வீட்டுக்குப் போன ஒரு பெரியவர் இதயத்துக்கான மாத்திரையை அந்த நேரத்துக்குத்தான் போடுகிறார் என்றாள். 

ஆமை ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தான். "திருத்தவும்." திட்டியிருக்கலாம். அறிவிருக்கா வாலு என்று ஒரு வரி போட்டிருந்தால் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திருத்தியிருப்பேன்.

படி படி என்று எத்தனை வருஷம் இவனைக் கரித்துக்கொட்டினேன். இப்போது படிக்கிறான். சரியான காரியம்தான் செய்கிறான். எனக்கு ஏன் வயிறு எரிகிறது?

ஏப்ரல் 6, ஞாயிறு

திருத்தி ஏற்றினேன். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்றிருந்தும், போன் செய்தேன்.

அப்போதெல்லாம் படிக்காமல் அழுத்தினாயே, இதே மாதிரித் தப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டியிருப்போம்" என்றான். பிறகு, "இப்ப படிக்கணும். ஆனா என்னால முடியல. நீ எழுதினதைப் படிச்சா உன் குரல்லயே கேக்குது."

'நீ' என்று சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருக்கலாம். அதற்குள் தன் இடத்தை நர்ஸுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டான். நான் சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 19, சனி

நர்ஸுக்கு அனுமதி கொடுத்தோம். பெண் பயந்துபோய்விட்டாள்.

"அக்கா, என்னை நேர்லகூட பாத்ததில்லையே. எப்படி நம்புறீங்க?"

நேரில் பார்த்து, கூடவே வாழ்ந்து, என்னத்தைக் கண்டேன் என்று வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டு, நீ படிப்பாய், அது போதும் என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆமையின் கடைசி மாற்றம் வந்திருக்கிறது.

"பொறுப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். பழைய சாமான்களையும் கொஞ்சம் ஒழித்துவைத்தேன். பார்க்கவும்."

அவன் போவதற்கும் என் ஒப்புதல் வேண்டும். அவன் போட்ட விதி. நான் பேசாமல் இருந்தால் அவன் பெயர் அப்படியே கிடக்கும்; நர்ஸ் என்னை மீறி அழுத்த மாட்டாள். மத்தியானம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். துணி துவைத்தேன், அலமாரியைத் துடைத்தேன், திரும்பத் திரும்ப வந்து திரையைப் பார்த்தேன். போகிறவனைப் பிடித்துவைத்து என்ன செய்யப்போகிறேன்?

திறந்து படிக்கவில்லை. அவன் என்னைச் சோதித்ததுபோல நான் அவனைச் சோதிக்க மாட்டேன் என்று ஒரு வீம்பு. வீம்பு மட்டும் இல்லை, ஆசையும்தான். ஒருதடவையாவது அவன் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்ய வேண்டும். ஒப்புதலை அழுத்தினேன். குறிப்பில் எழுதினேன்: "நீ எழுதினதுதானே."

ஏப்ரல் 21, திங்கள்

அந்தக் கடைசி மாற்றத்தைப் படித்தீர்கள்தானே அக்கா என்று நர்ஸ் கேட்டாள். ம் என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

எட்டு மணிக்கு எழுந்தேன். வெயில் முகத்தில் விழுந்துதான் விழிப்பு வந்தது. செயலி கூப்பிடவில்லை.

போன் கெட்டுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். புதுப் பதிப்பு தானாக இறங்கியிருந்தது. உள்ளே போனால் மாதிரி இருந்த இடத்தில் "மாத்திரையின் பெயர். நேரம்." என்று மட்டும் இருக்கிறது.

கடைக்கு வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அவனுடைய கடைசி மாற்றத்தை வரிவரியாகப் படித்தேன். பெயரை எடுத்திருக்கிறான். அதற்குக் கீழே 'எழுந்திரு வாலு'வையும் எடுத்திருக்கிறான். நான் அதை வைத்துத்தான் இத்தனை நாள் எழுந்தேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கென்று ஒன்று போட்டிருப்பேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இல்லை — நான் பார்த்துத் தடுக்கட்டும் என்று வைத்தானா? பார்க்கவும் என்று எழுதினானே. படித்திருந்தால் கேட்டிருப்பேன். இது எதற்கு, தயவுசெய்து விளக்கவும் என்று. அவன் விளக்கியிருப்பான். ஒருவேளை பேசியிருப்போம். என் ஒப்புதலோடுதான் போயிருக்கிறது. யாரைக் கேட்பது?

எனக்கென்று ஒரு பதிவு போட்டேன். தைராய்டு மாத்திரை. காலை ஆறு. கூப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டது. ரொம்ப நேரம் யோசித்தேன். காலியாகவே விட்டுச் சேமித்தேன்.

மாத்திரை போட்டுக்கொண்டேன். காபி அப்புறம்.