பிள்ளைக்கு இல்லாத பந்தி

என் தங்கமான சாராளுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. நம் சங்கரன்கோவில் வெயிலையும் பூ விலையையும் பற்றி உன்னிடம் மனசுக்குள் பேசாமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை. இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு.

அந்த வருஷத்து அசனம் ஞாபகமிருக்கிறதா? சபையே கூடி உட்கார்ந்து சாப்பிட்டோம். வெள்ளைச் சட்டையும் கையில் வேதபுத்தகமுமாக ஒருவர் வந்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, விசுவாசப் பிள்ளைகளுக்கு வேலை என்றார். வாயைத் திறந்தால் ஸ்தோத்திரம். எனக்கு அது போதுமாயிருந்தது. பெண்கள் சங்கச் செயலாளர் என்ற தோரணையில் நானே மைக்கை எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டோமா? ஒரு போன் போட்டு விசாரித்தோமா?

உன் மகள் மெர்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. நர்சிங் உதவியாளர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நீ தயங்கினாய். "ஊழியக்காரரைப் போயி சந்தேகப்படுதியே ஏட்டி" என்று உன் வாயை அடைத்தவள் நான். அடுத்த ஞாயிறு அவளை ஆலயத்தில் முன்னால் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினோம்.

ஆஸ்பத்திரி என்று ஒன்று இல்லவே இல்லை. அவளை விற்றிருந்தார்கள். எட்டு மாதம் கழித்துப் போலீஸ் அவளை ஒரு பூட்டிய வீட்டிலிருந்து மீட்டது.

அதையாவது தெரியாமல் செய்தேன். திரும்பி வந்த பிள்ளைக்குத் தெரிந்தே செய்தேனே, அதுதான் என்னை அரிக்கிறது. அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நற்கருணை ஞாயிறுக்கு முந்தின நாள் உன் வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாளைக்கு மெர்சி பந்திக்கு வரவேண்டாம். நாலு பேரு நாலு விதமாப் பேசுதாக" என்றேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். கதவுக்குப் பின்னால் அவள் நின்றது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் எல்லோரும் எழுந்து போக, நீ மட்டும் அவளோடு பெஞ்சிலேயே இருந்தாய். கூப்பிட வந்தேன். "பிள்ளைக்கு இல்லாத பந்தி எனக்கு எதுக்குக்கா?" அவ்வளவுதான் சொன்னாய். அதற்குப் பிறகு சாகும்வரை நீ அந்த அப்பத்தைத் தொடவே இல்லை. விற்றவன் எங்கேயோ ஜம்மென்று திரிய, நாம் பிள்ளையைத் தண்டித்தோம். நாம் என்று ஏன் சொல்கிறேன்? நான்தான்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். உன் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா என்று கூப்பிடுவதை என்றைக்கோ விட்டுவிட்டாள். ஊரார் கூப்பிடுவதுபோல இப்போது டீச்சர்தான். மன்னிப்புக் கேட்டேன். அழுதும்விட்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அழுகையெல்லாம் இருக்கட்டும் டீச்சர். அந்த ஆளப் பிடிச்சிட்டாக. சங்கரன்கோவிலுக்கே வந்ததில்லங்கான். அசனத்துல பேசுனது இவன்தான்னு கோர்ட்டுல சொல்ல வாரீகளா? போலீஸ் கேட்டப்போ ஞாபகமில்லன்னு சொன்னீகளாமே."

சொன்னேன் சாராள். சபைக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று அப்படிச் சொன்னேன். அதை உன்னிடம்கூட மறைத்தேன். உன்னை அடக்கம் பண்ணின அன்றைக்குக்கூட அதை மனசில் வைத்துக்கொண்டுதான் முன்வரிசையில் நின்று பாடினேன்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்று சபையில் கேட்கிறார்கள். வக்கீலிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை மெர்சியோடு தென்காசி பஸ் ஏறுகிறேன். அவன் முகத்தைப் பார்த்து, இவனுக்கு மைக்கை எடுத்துக் கொடுத்ததும் நான்தான், போலீஸிடம் பொய் சொன்னதும் நான்தான் என்று சொல்லுவேன். இனி ஒவ்வொரு நற்கருணை ஞாயிறும், அவளாகப் பந்திக்கு எழுந்து போகும்வரை, அந்தப் பெஞ்சில் உன் இடத்தில் நான் இருப்பேன். அவள் எழுந்திருக்கவே இல்லை என்றாலும் இருப்பேன்.

மெர்சியின் பெரியம்மா என்று எழுத இன்னும் கை வராத
உன் அக்கா,
வசந்தா