மூடக் கூடாத குழாய்

அன்பு அக்கா,

லே நகரில் கவலையில்லாமல் படி. இங்கே எல்லோரும் நலம். குழாய் பீய்ச்சும் தண்ணீர் உறைந்து உறைந்து, பனிக்கூம்பு பள்ளிக்கூடக் கூரையைத் தாண்டிவிட்டது. மே மாதம் அது உருகினால்தான் ஊரின் பார்லிக்குத் தண்ணீர்.

இன்று குழாய்க்குக் காவல் இருக்கும் முறை நம் வீட்டுக்கு. திரும்பும்போது, தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை மூடிவிட்டேன். நின்ற தண்ணீர் உள்ளேயே உறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தொந்துப் மாமாவிடம் மட்டும் சொன்னேன்.

"தண்ணிய மிச்சம் பிடிச்சீங்களாக்கும், டீச்சரம்மா?" என்று என்னைக் கிண்டல் செய்தார்.

இருட்டும்வரை இருவரும் குழாய்மேல் வெந்நீர் ஊற்றினோம். கடைசியில் இருமிக்கொண்டே பீய்ச்சியது.

"உங்கப்பா கேட்டா, வெந்நீர் சுமந்தது யாருன்னு மட்டும் சொல்றேன்" என்றார்.

அப்பா தூங்குகிறார். கூம்பின்மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. நின்றுவிடுமோ என்றுதான் விழித்திருக்கிறேன். இன்னும் நிற்கவில்லை, அக்கா.

உன் தங்கை