நாலு புதுப் போல்ட்

குசினிக்குள் இன்னும் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கழற்றி, அதன் சாமான்களை என் சோற்றுச் சட்டியில் போட்டுக் கழுவினேன். முன்பு நீங்கள் இதே வேலை செய்ததற்கு இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தவள் நான். இப்போது சட்டியும் என்னுடையது, மிசினும் என்னுடையது.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் மிளகாய்ப் போகம் இது. பூக்கிற நேரம் பார்த்து மிசின் படுத்துவிட்டது. எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. மேல்மூடிக்கு அடியில் ஒழுகாமல் வைக்கிற கஸ்கெட் தகட்டால் தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கியிருந்தது. உங்கள் தம்பி வேலியடியில் நின்று சொன்னார்: "அண்ணி, உங்களாலை ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரனை வரச்சொல்லுறன், மிசினைக் குடுத்துவிடுவம். தோட்டத்தையும் விடுங்கோ."

"ஓம், வரட்டும்" என்றேன்.

குற்றம் மிசினில் இல்லை, உங்களில்தான். சண்டையால் எங்கள் தீவுக்குச் சாமான் வராத காலத்தில் செப்புக் கஸ்கெட்டை என் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, இளக்கி, திரும்பப் போட்டீர்கள். அது கெட்டித்தனம். அதில் இறைத்த தண்ணீரில்தான் நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் கடைகள் நிறைந்த பிறகும் அதே கஸ்கெட், அதே போல்ட். "கிடக்கிறதை எறிஞ்சுபோட்டு நாளைக்கு எங்க தேடுறது?" என்பீர்கள். இப்போது பார்த்தால் ஒரு போல்ட்டின் கழுத்து இழுபட்டு மெலிந்து, மூடி இறுகாமல் இருக்கிறது. அது தெரிந்தும் போகத்துக்குப் போகம் இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறீர்கள்.

மடத்துவெளியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். "ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ அக்கா?" என்றார் கடைக்காரர்.

"மிசின் என்ர. சாமானைத் தாரும்."

நாலு போல்ட்டும் புதிது, கஸ்கெட்டும் புதிது. இத்தனை வருடம் பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பனர் எடுத்துத் தந்தவளுக்குப் பூட்டத் தெரியாதா? "ஒண்டை முழுக்க இறுக்காதையும். மூலைக்கு மூலை மாறி, கொஞ்சம் கொஞ்சமா" என்று நீங்கள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறுக்குவீர்கள். நானும் அப்படியே சொல்லிச் சொல்லி இறுக்கினேன். இடையில் அழுகை வந்தது. கை எண்ணெயாக இருந்ததால் துடைக்கவில்லை.

மூன்றாம் சுழற்றலில் மிசின் பிடித்து ஓடத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரன் வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் தம்பி வாய்க்காலடியில் குனிந்து தண்ணீரில் கைவைத்துப் பார்த்தார். வந்தவனை வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. நீங்கள் சேர்த்து வைத்த பழைய போல்ட் டின்னை, மூடியோடு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

மூலைக்கு மூலை இறுக்கிற பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். டின்னைக் கொடுத்ததில் உங்களுக்குக் கோபமென்றால் வந்து கேளுங்கள். நான் மிளகாய்ப் பாத்தியில்தான் நிற்பேன்.