வலப்பக்கத்துக் கிக் பட்டன்

வைகாசி 9, வெள்ளி
நாமக்கல்லில் வெயில். கோழிகள் தாமாகவே வறுபட்டுத் தட்டில் வந்து உட்காரும் அளவு வெயில். டயர் பட்டறையில் உருகாமல் எஞ்சியது அடியேன் மட்டும்.

பெங்களூரிலிருந்து மகள் நித்யாவின் பார்சல். சண்டை கேமின் எட்டாம் பாகம், டிவியில் மாட்டும் பெட்டி, இரண்டு ரிமோட்டு. போனில் ஏளனம் வேறு: "அப்பா, இன்னும் எத்தன நாளைக்குங்க அந்த மூணாம் பாகத்தையே ஆடுவீங்க?"

மூன்றாம் பாகம் பட்டறைப் பின்கட்டில் நிற்கிறது. காசு போட்டு ஆடும் ஆளுயர மிஷின். சூரமங்கலத்து வீடியோ கேம் கடையை மூடியபோது மினி லாரியில் ஏற்றி வந்தது. பகை நாட்டுப் பட்டத்து யானையைப் பிடித்து வந்த மன்னனும் அப்படி ஊர்வலம் வந்திருக்க மாட்டான்.

வாங்க: டிவிக்கு நீள ஒயர். மனைவி தங்கத்துக்கு முட்டிவலித் தைலம். பச்சை மிளகாய்.

10, சனி
காலையிலேயே இடி, வானத்தில் அல்ல. மாப்பிள்ளை சேகர். தங்கத்தின் தம்பி, பட்டறையில் கூட்டாளி, இருபது வருடமாக என்னிடம் தோற்பதையே தவமாகச் செய்பவன்.

"மாமா, பரமத்தி வேலூர்ல மாமனாரு வாழத் தோட்டத்தப் பாக்க ஆளில்லீங்க. போயரலாம்னு இருக்கறனுங்க."

"அப்பப் பட்டற?"

"அதான் நீங்க இருக்கறீங்கல்ல."

இருக்கிறேனாம். லாரிக்காரர்களிடம் நயமாகப் பேசி டயர் கொண்டுவருபவன் அவன். நான் பேசினால் லாரிகள் மாநிலம் தாண்டி ஓடும். அவனில்லாமல் பட்டறை இல்லை. அவனில்லாமல் எனக்கும்... சரி, அது எதற்கு.

வழக்கம்போல ஆட்டத்தில் தீர்ப்பதாக முடிவு. போர்டில் யார் பெயர் முதலில், மாடி அறை யாருக்கு, தேய்ந்த டயரைச் சுரண்டும் பஃபிங் மிஷினை ஓட்டுவது யார், எல்லாம் அப்படித் தீர்ந்தவைதான். எல்லாம் எனக்கே. நாளை ஐந்து ஆட்டம். அவன் ஜெயித்தால் வேலூர், நான் ஜெயித்தால் பட்டறை. பழைய மிஷினிலேயே ஆடுவோமே என்றேன். "பாப்பா ஆசையா அனுப்பிருக்குதுங்க மாமா, புதுசுலயே ஆடலாம்" என்றான். தங்கமும் அவன் கட்சி.

கவலைக்குக் காரணம் உண்டு. மிஷினில் நான் எப்போதும் இடப்பக்கம். வாஸ்து என்று சொல்லி வைத்திருக்கிறேன். வலப்பக்கத்துக் கிக் பட்டனின் ஒயர் பாதி அறுந்தது. மூன்று முறை அழுத்தினால் ஒரு முறை உதைக்கும். கொண்டுவந்த வாரமே பார்த்துவிட்டேன். பற்றவைக்கவில்லை.

11, ஞாயிறு
மூட்டம். மழை இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் யுத்தம்.

ஐந்துக்கு ஐந்தும் அவனே. எந்தப் பாகத்திலும் நான் எடுத்து ஆடும் மொட்டைச் சாமியார் தரையில் நின்றதைவிட ஆகாயத்தில் வசித்த நேரம் அதிகம். சேகர் விரல் பட்ட இடமெல்லாம் உதை.

தங்கம்: "அஞ்சாவதுலயாச்சும் எந்திரிச்சு நில்லுங்க!"

அவன் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. ரிமோட்டைக் கீழே வைத்தான். "நான் போவலீங்க மாமா. ஒருக்கா ஜெயிச்சிட்டேன், போதும். தோட்டத்துக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன்."

அத்தோடு வாயை மூடியிருந்தால் நான் மனிதன். மூடவில்லை.

"ரொம்பத் துள்ளாத மாப்ள. பழைய மிஷின்ல உன்ற பக்கத்துப் பட்டன் பாதி செத்துக் கெடக்குது. எனக்கு மொதல்லயே தெரியும்!"

சிரிப்பான் என்று நினைத்தேன். என் குறும்புகளின் சிகரம் என்று இத்தனை வருடம் பொத்தி வைத்தது.

எழுந்து பின்கட்டுக்குப் போனான். மிஷினைப் போட்டு வலப்பக்கம் நின்று அழுத்தினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு உதை.

"இத்தன வருசமா என்ற கைதான் மந்தம்னு நெனச்சுட்டு இருந்தனுங்க மாமா. இந்தக் கைக்கு ஆவாதுன்னுதான் பஃபிங் மிஷின ரெண்டாந்தரம் கேக்கவே இல்லீங்க."

தங்கம் என்னைப் பார்த்த பார்வைக்கு உவமை தேடினேன். அகப்படவில்லை.

12, திங்கள்
வெயில். சேகர் வந்தான், ஆணியில் கிடந்த தன் சட்டையை எடுத்துக்கொண்டான். "வாரனுங்க மாமா." என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலூர் பஸ்.

சாம்பாரில் உப்பில்லை. கேட்கவும் தைரியமில்லை.

15, வியாழன்
தூறல். நாள் முழுக்க இரண்டே டயர். சாலிடரிங் ராடைத் தேடி எடுத்தேன். மிஷினின் பின்பலகையைக் கழற்றிப் பற்றவைத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வலப்பக்கம் நின்று அழுத்திப் பார்த்தேன். ஓர் அழுத்துக்கு ஓர் உதை. இடப்பக்கம் என் மொட்டைச் சாமியார், ஆட ஆளில்லாமல், வாங்கிக்கொண்டே இருந்தான்.