ஓகஸ்ட் என்று நான் எழுதிய பந்தி

யூன் 3, செவ்வாய்

விடாத மழை. ரயில் பதினைந்து நிமிடம் பிந்தியது. குடை வீட்டில்.

நூலகத்தின் கீழ்த்தளம். பழைய அமெரிக்கச் சட்ட இதழ்களை நகருக்கு வெளியே ஒரு களஞ்சியத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். வேண்டியதை வெள்ளிக்குள் ஒதுக்கி வை என்று நூலகர். எனக்கு வேண்டியவை முதலாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் வந்த தொகுதிகள். தோல் அட்டை. தொட்டால் கையெல்லாம் செம்பொடி.

என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் அந்த இதழ்களில் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர்களைப் பற்றித்தான். குறிப்புகளில் அ.பே. என்று சுருக்கி எழுதுகிறேன். சட்டம் தானாக இறங்கி வந்து தீர்ப்பாவதில்லை, நீதிபதி முதலில் மனத்துக்குள் முடிவெடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகுதான் தேடுகிறார் என்று சொல்லத் துணிந்தவர்கள். கல்யாணத் தரகருக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் இவர்கள் அடிக்குறிப்புப் போட்டுச் சொன்னார்கள், அதனால் அது புலமை.

இன்று வாசித்தது: ரயில் வேலையில் கையை இழந்த ஒரு தொழிலாளியின் வழக்கு. அதை வைத்துப் பேராசிரியர் நீதிபதிகளை நார் நாராகக் கிழிக்கிறார். தொழிலாளியின் பெயர் முதல் பக்கத்தில் ஒரே ஒரு தரம். அதற்குப் பிறகு அவர் வெறும் 'வாதி'. அந்த மனிதர் என்ன ஆனார்? கடைசி அடிக்குறிப்பு வரை தேடினேன். ஒரு வரியும் இல்லை.

அலுமாரிகளுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த செருமல். முன்பு என்னிடம் அகதி வழக்குக்கு வந்த யோகன் அண்ணை 'ஓம்' சொல்வதற்கு முன்னால் அப்படித்தான் செருமுவார். பத்து வருடமாக அவரை நான் பார்க்கவில்லை.

பால். வெங்காயம். மகளுக்குப் பள்ளிக் காலுறை, வெள்ளை.

யூன் 4, புதன்

மழை விட்டது. தென்கோளத்து யூன், கைவிரல் விறைக்கும் குளிர்.

பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஷாலினி என்று ஒரு லோயர், பினாங்குக்காரி, அகதி வழக்குகள் பார்க்கிறவள். "அக்கா, மிஸ்டர் யோகன் ஞாபகம் இருக்கா? நீங்க பழைய ஆபீஸ்ல இருந்தப்போ அவர் ஸ்டேட்மென்ட் எடுத்தீங்க."

நேற்றுச் செருமல், இன்று தொலைபேசி.

யோ. அண்ணை இன்னும் தற்காலிக விசாவில்தான். பதின்மூன்று வருடம். விட்டுவிட்டு வரும்போது நாலு வயதாக இருந்த மகளுக்கு இப்போது பதினேழு. அவரை நிரந்தரமாக இருக்க விடச் சொல்லி அமைச்சருக்கு ஒரு மனுப் போகப் போகிறது. ஷா. பழைய கோப்பைத் தோண்டியிருக்கிறாள். அதில் என் கையெழுத்துக் குறிப்பு கிடைத்திருக்கிறது: 'இரண்டாம் தரம் ஆமி பிடித்தது திருவிழா முடிந்த கிழமை.' தட்டெழுதிய வாக்குமூலத்தில் அதே இடத்தில் 'ஓகஸ்ட்'.

"ஓகஸ்ட் யார் சொன்னது அக்கா? அவரா, நீங்களா? ஒரு சத்தியக் கூற்று எழுதிக் குடுங்க லா. இந்த ஒரு மாசத்துலதான் அவர் கேஸே விழுந்திருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு எப்போதோ தெரியும்.

யூன் 6, வெள்ளி

தொகுதிகளில் பன்னிரண்டை ஒதுக்கி வைத்தாயிற்று. மிச்சம் போகட்டும்.

இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. நான் புது லோயர், தமிழ் தெரிந்தவள், அதனால் தமிழ்க் கோப்புகள் எல்லாம் என் தலையில். யோ. அண்ணை முன்பின்னாகச் சொன்னார். இரண்டாம் தரம் பிடித்ததை முதலில், முதல் தரத்தைப் பிறகு, நடுவில் மாடு காணாமல் போன கதை. நான் அதைத் தேதி வரிசையில் அடுக்கினேன். அழகாக. தேதி இல்லாத இடத்தில் தேதி போட்டேன். திருவிழா என்றார். எனக்குத் திருவிழா என்றால் நல்லூர்தான், நல்லூர் என்றால் ஓகஸ்ட். யாழ்ப்பாண நகரத்தில் வளர்ந்தவளுக்கு உலகத்தில் வேறு திருவிழாவே கிடையாது. எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. அவர் வன்னி. அவர் சொன்னது தன்னூர் அம்மன் கோயிலை. அங்கே வைகாசி.

ஆங்கிலத்தில் எழுதியதைக் கையெழுத்துக்கு முன் தமிழில் முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். எட்டுப் பக்கம். மணி நாலே முக்கால். ஐந்து பக்கம் வாசித்தேன். "மிச்சமும் நீங்கள் சொன்னதுதான் அண்ணை" என்றேன். செருமினார். "ஓம் தங்கச்சி, நீங்கள் எழுதினால் சரிதானே." ஓகஸ்ட் ஆறாம் பக்கத்தில் இருந்தது. அடியில், 'முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது' என்ற இடத்தில் என் கையெழுத்து.

விசாரணையில் அவர் வைகாசி என்றார். தாளில் ஓகஸ்ட். நம்பத் தகுந்தவர் அல்ல என்று முடித்துவிட்டார்கள்.

தீர்ப்பு மேசைக்கு வந்த அன்றே பார்த்தேன். பார்த்த அந்த நிமிடமே விளங்கியது. வாயைத் திறக்கவில்லை.

யூன் 7, சனி

மேய்ஸ் ஹில் கோயில். வாகனம் நிறுத்த இடமில்லை, மூன்று சுற்று. வரிசையில் எனக்கு முன் ஒரு அன்ரி இன்னொருவரிடம்: "மருமகள் கெல்லிவில்லில வீடு வாங்கிப்போட்டா, கோயில் தூரமாம், இனி வரமாட்டாவாம்."

முருகனைப் பார்க்காமல் முன்னால் நின்ற ஒருவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே ஒடுங்கிய தோள், கழுத்தில் அதே மடிப்பு. தீபாராதனை முடிந்து திரும்பினார். வேறு யாரோ. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுப்பதோடு நிற்கவில்லை. ஆட்களை உண்டாக்கி முன்னால் நிறுத்துகிறது.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. பெரியதும் அதுதான்.

அந்தத் தீர்ப்பை வைத்து நான் ஒரு கட்டுரை எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன். பெயரை மறைத்து, 'விண்ணப்பதாரர்' என்று போட்டு. தீர்ப்பெழுதியவர் ஆளின் முகத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டுப் பிறகு ஒரு மாதத்தைக் காரணமாகப் பிடித்தார் என்று வாதம். அ.பே. சொன்னதெல்லாம் நம் கண்முன்னே நடக்கிறது பார் என்று. பாராட்டினார்கள். மேற்கோள் காட்டினார்கள். இந்தப் பல்கலைக்கழக வேலை கிடைத்ததே அதனால்தான்.

அந்தப் பேராசிரியர்களை எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று இன்று வரிசையில் நிற்கும்போது விளங்கியது. முடிவு முதலில், காரணம் பிறகு என்றால் ஓகஸ்ட் ஒரு பொருட்டே இல்லை. எப்படியும் மறுத்திருப்பார்கள். நான் தப்பினேன். நூறு வருடத்துக்கு முன் எழுதிவிட்டுச் செத்துப்போனவர்களின் நிழலில் போய் ஒளிந்துகொண்டேன். அவமானமாக இருக்கிறது.

யூன் 9, திங்கள்

பொது விடுமுறை. உடுப்பு மூன்று சுமை. வெயில் வந்து வந்து போனது.

முரளியிடம் சொன்னேன். திருமணமாகிப் பதினான்கு வருடத்தில் இதை மட்டும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. திருச்சிக்காரர், நிதானமான மனிதர், துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"மாசத்தைத் தப்பா எழுதிட்டேன்னு மட்டும் குடு. அது மிஸ்டேக். யாருக்கும் வரும். வாசிச்சுக் காட்டலைங்கறதை யாரு உன்னைக் கேட்டா?"

"அதைச் சொல்லாட்டி, யோகன் அண்ணை ஏன் திருத்தாமல் சைன் வச்சவர் எண்டு கேப்பினம்."

"பொய்யாக் கையெழுத்துப் போட்டேன்னு நீயே எழுதிக் குடுத்தா உன் லைசென்ஸ்? யுனிவர்சிட்டி? டிசம்பர்ல கான்ட்ராக்ட் முடியுது. வலியப் போய் ஏன் தலையைக் குடுக்கறே?"

"அந்தாள் பதிமூண்டு வருஷமாப் பிள்ளையைப் பார்க்கேல்லை."

ஒரு சட்டையை இரண்டு தரம் மடித்தார். "ஆமா."

மகள் அறையிலிருந்து: "வை ஆர் யூ கைஸ் விஸ்பரிங்?"

பிற்பகல் முதல் வரைவு. அரை உண்மை. மாதத்தைப் பற்றி அழகான நாலு பந்தி, வாசிக்காததைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. என் கட்டுரைகளெல்லாம் இப்படித்தான் நன்றாக இருக்கும்.

யூன் 10, செவ்வாய்

ஷா.வுக்கு வரைவை அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது. "சூப்பர் அக்கா. ஒரே ஒரு விஷயம். வாசிச்சுக் காட்டுற ரீட்பேக் முழுசா நடந்துச்சுன்னு நீங்க சைன் பண்ணியிருக்கீங்க. அப்போ அவர் கேட்டுட்டுச் சும்மா இருந்தாரான்னு வரும். அதுக்கு என்ன சொல்றது?"

கணினியை மூடினேன்.

கீழ்த்தளத்துக்குப் போனேன். இதழ்களை எடுத்துவிட்டார்கள். வெறும் தட்டுகள், தரையில் செம்பொடி. அங்கே நிற்க முடியவில்லை. செருமல் கேட்கும் என்று காத்துக்கொண்டு நின்றேன் என்பதே உண்மை. கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பல் வைத்தியர் வியாழன் 3.30, மகளுக்கு. மாற்ற வேண்டும்.

யூன் 12, வியாழன்

எழுதிவிட்டேன். ஒன்பது பந்தி, முழு உண்மை. ஆறாம் பந்தி மட்டும் இரண்டு மணிநேரம் பிடித்தது.

இதழாசிரியருக்கும் ஒரு மின்னஞ்சல்: என் கட்டுரையின் நடு உதாரணம் நிற்காது, அந்த முரண்பாட்டை உண்டாக்கியவள் நான், திருத்தம் போடுங்கள். அனுப்பியாயிற்று.

ஷா. வாசித்துவிட்டுப் போனில், "அக்கா, நீங்களும் ஒரு லோயரைப் பார்த்துடுங்க. சீரியஸா சொல்றேன்." திங்கள் காலை சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து. அதற்கு முன் யோ. அண்ணைக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்றேன். சட்டப்படி தேவையில்லை அக்கா என்றாள். எனக்குத் தேவை.

யூன் 14, சனி

வெயில், ஊசிக் காற்று. துங்காபி. நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடு. யோகன் அண்ணை வாசலிலேயே நின்றார். முடி முழுக்க நரைத்துவிட்டது. பெயின்ட் வேலை, நகக்கண்ணில் வெள்ளை.

"வாங்கோ தங்கச்சி. இடம் பிடிக்கக் கஷ்டப்பட்டியளோ?" பத்து வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு இது.

குசினியில் இருத்திப் பால் விடாத பிளேன்ரீ தந்தார். போனில் மகளின் படம் காட்டினார். ஏ.எல். படிக்கிறாளாம், பள்ளியின் கடைசி வகுப்பு. அவரைப் போலவே ஒடுங்கிய தோள். என்னால் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

ஒன்பது பந்தியையும் தமிழில் வாசித்தேன். மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல். ஆறாம் பந்தி: ஓகஸ்ட் என்பது அவர் சொன்னதல்ல. நான் கேட்காமல் எழுதியது. கடைசி மூன்று பக்கத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. காட்டியதாகக் கையெழுத்திட்டேன். பிழை என்னுடையது.

"அந்தக் கடைசி வரியளை எடுத்துவிடுங்கோ" என்றார்.

"ஏன் அண்ணை?"

"உங்களுக்குக் கரைச்சல் வரும். வேலை, பிள்ளை எல்லாம் இருக்கு. முழுக்க வாசிச்சவா எண்டு நான் சொல்லுறன். எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்."

"அது பொய், அண்ணை."

கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஓகஸ்ட் எண்டு இருக்கிறது எனக்கு அடுத்த நாளே தெரியும். கூட இருந்த ஒருத்தர் வாசிச்சுச் சொன்னவர்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சட்டம் படிச்ச பிள்ளை. ஏதோ யோசிச்சுத்தான் மாசத்தை மாத்தியிருப்பியள் எண்டு நினைச்சன். விசாரணையில நானும் ஓகஸ்ட் எண்டுதான் சொல்ல வேணுமெண்டு பாடமாக்கிக்கொண்டு போனனான். சத்தியம் எடுத்தாப்பிறகு வாயில வரேல்லை. வைகாசி எண்டு உண்மையைச் சொல்லிப்போட்டன்." குரல் இறங்கிவிட்டது. "நீங்கள் கஷ்டப்பட்டு எழுதித் தந்ததை நான்தான் பழுதாக்கினது. உங்களுக்கு முன்னால வர இவ்வளவு நாளும் வெக்கமாயிருந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி."

அழுதேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆறாம் பந்தியைத் திரும்ப வாசித்தேன். 'பிழை என்னுடையது' என்ற இடத்தில் இல்லை என்று தலையாட்டினார். மூன்றாம் தரமும் வாசித்தேன். மூன்றாம் தரமும் இல்லை என்றே தலையாட்டினார்.