வியாழக்கிழமைக்கு ஓர் எதிரணி

வியா மக்வேதா தெருவில் நான் படி கழுவும் கட்டடத்துக்கு இன்று வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறியதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றுவிட்டேன். பிரான்காச்சோ மைதானத்தில், சுண்ணாம்புத் தூள் நிரப்பிய, துளையிட்ட பால்மாத் தகரப் பேணியை ஆட்டி ஆட்டி, குனிந்தபடி நீ கோடு போட்டுக்கொண்டு போகும்போது வரும் நெடி அது.

சென்ற மாதம் உன்னை அடக்கம் செய்தோம். அன்று எனக்குப் பேச வரவில்லை. ஊரில் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதிப் பழகி, இங்கிருந்தும் நம் ஆட்டங்களை எழுதி அனுப்பியவன், எழுதத்தான் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த நகரில் நமக்கு ஆறு உதைபந்தாட்ட அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஊரிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு என்பதால் நம் ஆட்டங்கள் வியாழனில் நடந்தன. உன் பள்ளி ஊர்ப்பக்கத் தீவொன்றிலிருந்த சின்னப் பள்ளி. சண்டையில் ஊரே எழும்பி இடம்பெயர்ந்தபோது அதையும் பூட்டினார்கள். கால்சாப் பகுதியில், நீ வீட்டுவேலை செய்த சிஞ்ஞோராவின் மொட்டை மாடியில் உன் அணியின் பச்சைச் சட்டைகளைக் காயப்போட்டபடி ஒருநாள் சொன்னாய்: "இப்ப எங்கடை பள்ளிக்கூடம் எண்டு மிஞ்சியிருக்கிறது இதுதான் மச்சான்."

பிறகுதான் ஆறில் பெரிய கல்லூரிகளின் அணிகள் மூன்றும் விலகின. மிலானோ, பொலோஞ்ஞா அணிகளோடு சேர்ந்து புதிய கூட்டமைப்பு, ஆட்டம் ஞாயிறுகளில், வடக்கே, கிண்ணம் பெரியது. வீடியோக் கடையின் பின்னறையில் நடந்த கூட்டத்தில், நீலச் சட்டைக் கல்லூரியின் செயலாளர் உன்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"குறை நினையாதேங்கோ. சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு அங்கை இடமில்லை. உங்கடை நல்ல பெடியள் எங்கடை சட்டையைப் போட்டு விளையாடட்டும்."

"பெடியளைத் தாறன். பள்ளிக்கூடத்தை எங்கை வைக்கிறது?" என்றாய்.

"சிஞ்ஞோராவின்ரை அலுமாரிக்குள்ளை வையுங்கோ" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அறையே சிரித்தது.

"அது அவவின்ரை தொப்பியளுக்கே காணாது" என்று நீயும் சிரித்தாய். ஆனால் தேநீரைத் தொடாமல் எழுந்தாய்.

மற்ற இரண்டு சின்ன அணிகளும் கலைந்தன. ஆடக்கூடியவர்கள் பெரிய கல்லூரிகளுக்குப் போனார்கள். உன் கோல் காப்பாளனும் போனான். அடுத்த வியாழன் நீ வழக்கம்போல் கோடு போட்டாய். எதிரே ஆளில்லாத மைதானத்துக்கு.

"ஆரோடை விளையாடப் போறாய்?" என்று கேட்டேன்.

"முதல்ல கோடு கிடக்கட்டும்."

பல வாரம் உன் பெடியள் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். பார்க்கப் பரிதாபமாக இருந்தது. இதைச் செய்தியாக எழுத முடியாது என்றேன். "எழுதாதை. நிண்டு பார்" என்றாய்.

நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று புலப்பட்டது. கோலுக்குப் பின்னால் சிலர் வந்து நின்று சிகரெட் புகைத்தார்கள். நீலச் சட்டைக் கல்லூரிக்காரர்கள். வடக்கே போகும் ரயிலில் பொலிஸ் ஏறினால் பெர்மெஸ்ஸோவைக் காட்டவேண்டும். வதிவிட அனுமதியான அந்தத் தாள் இல்லாதவர்களை, கல்லூரி தன் சொந்தப் பிள்ளைகளென்றும் பாராமல் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. அவர்களில் ஒருவன் றெஜி, நல்ல கோல் காப்பாளன்.

"அண்ணை, எனக்கும் ஒரு பச்சைச் சட்டை தாங்கோவன். உங்களுக்கு நிக்கிறன்."

நீ உடனே கொடுப்பாய் என்று நினைத்தேன். உனக்குக் காப்பாளனே இல்லை.

"இல்லைத் தம்பி. நீ உன்ரை நீலச் சட்டையோடை வா. உன்னைப் போல மிஞ்சின எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. எனக்கு ஆள் வேண்டாம், எதிரணி வேணும்."

"செயலாளர் ஏசுவார்."

"அவர் ஞாயிற்றுக்கிழமையைத்தானே கொண்டு போனவர்? வியாழன் இஞ்சைதான் கிடக்கு."

ஆட்ட நாளில் செயலாளர் பஸ் பிடித்து வந்துவிட்டார். "ஆரைக் கேட்டு எங்கடை கல்லூரிப் பேரிலை விளையாடுறீங்கள்?"

நீ பேணியை அவர் கையில் கொடுத்தாய். "அந்தப் பக்கக் கோடு அழிஞ்சு போச்சு. ஒருக்கால் போட்டுவிடுங்கோ."

அவர் றெஜியைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நின்ற நீலச் சட்டைகளையும் பார்த்தார். யாரும் விலகவில்லை. கடைசியில் குனிந்தார். அவருடைய கறுப்புச் சப்பாத்து வெள்ளையானது.

இரண்டுக்கு ஒன்று, நீ தோற்றாய். அவ்வளவு மகிழ்ச்சியோடு தோற்ற தலைவனை நான் வேறெங்கும் கண்டதில்லை. மூச்சு வாங்கியபடி சொன்னாய்: "ரெண்டு பள்ளிக்கூடத்தின்ரை பேரையும் முழுசா எழுது. சுருக்காதை." அப்படியே எழுதினேன். அதன்பின் ஒரு வியாழனும் சும்மா போகவில்லை, நீ படுக்கையில் விழும்வரை.

உன் பள்ளி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. போன ஞாயிறு கோயில் வாசலில், தலைவன் இல்லாத பச்சைச் சட்டைகளை மற்றொரு கல்லூரிக்காரர் தங்கள் அணிக்கு அழைத்துக்கொண்டிருந்தார். உன் பெடியள் என் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணை, வியாழன் இருக்கோ?"

"ஓம்" என்றேன்.

வெள்ளையடிப்பவரிடம் ஒரு பை சுண்ணாம்புத் தூள் கேட்டு வாங்கிவிட்டேன். பேணியை உன் மனைவி தந்தார். அடைத்திருந்த துளைகளை ஆணியால் குத்தித் திறந்தேன். றெஜியிடமும் சொல்லியாயிற்று, நீலச் சட்டையோடு வருகிறான். நாளை வியாழன். என் கோடு உன்னுடையதைப் போல் நேராக வராது. கிடக்கும்.